செயலியின் சூடு அறிதல்

நுழையும்முன்

வெப்பமானியில் பாதரசம் ஏறி நிற்கும் இடத்தைக் கண்ணால் காணலாம். கணினித் திரையில் தோன்றும் செயலியின் வெப்பநிலை அத்தகையதன்று. அது மென்பொருள் போட்ட கணக்கின் விடை. அக்கணக்கு எங்கே பிழைபடும், அதனை வீட்டிலேயே எவ்வாறு சரிபார்க்கலாம் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

சித்திரை மாதப் பிற்பகல். நாகர்கோவில் வீடொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கோரைப்பாயின்மேல் மடிக்கணினியை வைத்துச் செயல்திட்டம் எழுதுகிறார் எனக் கொள்க. கணினி திடீரென அணைந்துவிடுகிறது. இரண்டு மென்பொருள்களை நிறுவிப் பார்க்கிறார். ஒன்று 58 பாகை செல்சியஸ் என்கிறது. மற்றொன்று அதே நேரத்தில் 73 என்கிறது. முன்னதை நம்பினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பின்னதை நம்பினால் விசிறியை ஐயுற வேண்டும். வீட்டில் உள்ளது அந்த ஒரு கணினிதான். பழுதுபார்ப்பவரிடம் எதைச் சொல்வது?

எண் பிறக்கும் இடம்

1990களில் பல தாய்ப்பலகைகளில் செயலி பொருந்தும் குழியின் நடுவே சிறிய வெப்ப உணரி ஒன்று இருந்தது. அது சில்லின் அடிப்புறத்தைத் தொட்டுப் பார்த்ததேயன்றி உள்ளே புகவில்லை. ஆகவே குறைவாகவும் காலந்தாழ்ந்தும் காட்டியது. பின்னர் உணரி சில்லுக்குள்ளேயே அமைக்கப்பட்டது. இன்டெல் நிறுவனத்தின் கோர் வகைச் செயலிகளில் ஒவ்வொரு கருவுக்கும் தனி உணரி உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவ்வுணரி வெப்பநிலையைச் சொல்வதில்லை; தாங்கத்தக்க உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மீதமுள்ளது என்பதையே சொல்கிறது. குளத்தின் ஆழத்தைக் கூறாமல், கரையை எட்ட இன்னும் எத்தனை படி நீர் ஏறவேண்டும் என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். வரம்பு 100 என்றும் மீதம் 27 என்றும் இருந்தால், கழித்து 73 எனத் திரையில் இடுவது மென்பொருளின் வேலை. வரம்பை 85 எனத் தவறாகக் கொண்ட மென்பொருள் 58 என்றே காட்டும். மாணவி கண்ட வேறுபாடு இவ்வாறு தோன்றியதாகலாம். மீதம் எத்தனை என்பதில் இரண்டும் ஒத்தே உள்ளன. எனவே முதலில் பார்க்கவேண்டியது அந்த மீத எண்ணையே. வரம்பு எவ்வளவு என்பதைச் செயலியின் மாதிரி எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் விவரக்குறிப்பில் அறியலாம்.

உணரியின் துல்லியம் வரம்பை நெருங்கும்போதே மிகுதி. ஆபத்தை அறிவிக்கவே அது அமைக்கப்பட்டது. குளிர்ந்த நிலையில் அது காட்டும் எண் சில பாகை பிறழ்வது இயல்பு. கருவுக்குக் கரு எண் சற்று மாறுபடுவதும் பழுதன்று.

தெரிந்து தெளிவோம்

2017இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள், விசிறியைக் கட்டுப்படுத்தும் பொருட்டு உண்மை வெப்பநிலையோடு 20 பாகையைக் கூட்டி அறிவித்தன. இதனை அறியாத மென்பொருள்கள் கூட்டிய எண்ணையே காட்டின.

அறைக்காற்று என்னும் சான்று

விசிறியால் மட்டும் குளிரும் செயலி, தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்திருக்க இயலாது. அறை 32 பாகையில் இருக்க, திரை 27 எனக் காட்டினால் அவ்வெண் பிழை என உடனே தெளியலாம். லினக்ஸில் ‘சென்சார்ஸ்’ என்னும் கட்டளை தரும் வரிகளுள் சில தாய்ப்பலகையைச் சார்ந்தவை. சில கணினிகளில் அவற்றுள் ஒன்று என்றும் மாறாத ஒரே எண்ணாகவும் நிற்கும். ‘கோர்டெம்ப்’ என்னும் பெயரின்கீழ் வருவனவே இன்டெல் செயலியின் கருக்களுக்குரியவை. கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு உதவாது; அது மேலுறையின் சூட்டை மட்டுமே அறியும், பளபளக்கும் உலோகத்தில் அதையும் தவறாகவே அறியும்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கும் மாவட்டம் குமரி. ஆடிச் சாரலில் எடுத்த அளவைச் சித்திரை வெயிலில் எடுத்த அளவோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. எனவே கணினியை மேசைமேல் வைத்து, அரைமணி நேரம் ஒரே கடும்பணியைத் தந்து, செயலியின் எண்ணிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து நாளுடன் குறித்துவைத்தல் வேண்டும். கழித்து வந்த எண் திங்கள்தோறும் பெருகுமாயின் விசிறித் துளைகளில் தூசி அடைந்திருக்கலாம். செயலிக்கும் குளிர்விக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை உலர்ந்திருக்கலாம்.

மாணவி பாயிலிருந்து கணினியை எடுத்து மேசைமேல் வைத்து மீண்டும் அளக்கிறார் எனக் கொள்க. அதே பணியில் மீதம் 27இலிருந்து 38ஆக உயருமானால், காற்று நுழையும் அடித்துளைகளைப் பாய் மூடியிருந்தது என்பது விளங்கும். மேசைமேலும் 27ஆகவே நின்றால், பழுதுபார்ப்பவரிடம் அவர் காட்ட வேண்டியது அந்தக் குறிப்பேடு.