தீப்பெட்டி ஒட்டிய கை

தாயி, வினீர் உருவங்கள் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறாய், ஸ்கிராப்புக் செய்யப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். இலை, குருவி, சைக்கிள், நட்சத்திரம் என்று லேசரில் வெட்டிய மெல்லிசு மரம். எனக்கு அது புதிது இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்க் கற்றுவந்த தொழில்தான் எங்கள் சிவகாசிப் பக்கத்துத் திண்ணைகளுக்கெல்லாம் தீப்பெட்டி ஒட்டும் வேலையைக் கொண்டுவந்தது. அட்டை வருவதற்கு முன் மேல்பெட்டி, அடிப்பெட்டி இரண்டும் மரச்சீவல்தான். அம்மா பசை காய்ச்சுவாள், நான் தாள் சுற்றி ஒட்டுவேன். 144 பெட்டி ஒரு குரோஸ். அந்தக் கைதான் பிறகு வாழ்த்து அட்டை, கல்யாண ஆல்பம் என்று போனது. போன வழியில் கெடுத்தது நிறைய. அதில் சிலதைச் சொல்கிறேன்.

1. முதல் நாள் எதையும் ஒட்டாதே. பாக்கெட்டைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனி. குருவியின் கால் ரேகையோடு நீண்டிருந்தால் தாங்கும். ரேகைக்குக் குறுக்கே நீண்டிருந்தால் தொட்டாலே ஒடியும். இதைப் பார்க்கத் தெரியாமல் நான் நொண்டியாக்கிய குருவிகளுக்குக் கணக்கில்லை.

2. பசையைக் கஞ்சத்தனமாகப் போடு. என் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஆல்பம் செய்தபோது, விடிந்தால் முகூர்த்தம் என்ற அவசரத்தில், மர இலைகளுக்கு வெள்ளைப் பசையைத் தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல விட்டேன். காலையில் பார்த்தால் ஒவ்வொரு இலையும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. பசையில் இருக்கும் தண்ணீரை மரத்தின் ஒரு பக்கம் மட்டும் குடித்து உப்பினால் வேறு என்ன ஆகும்? மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடு. அது முடியாதென்றால் டபுள் சைடு டேப் போதும், அதில் ஈரமே கிடையாது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என்னை அவசரப்படுத்தியது முகூர்த்தம் இல்லை. பத்து நாள் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். ஒரே ராத்திரியில் முடித்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஆசை.

3. ஒட்டிய பிறகும் மரம் அசையும். ஐப்பசி மழையில் அகலவாக்கில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலமான துண்டாக இருந்தால் நடுவில் மட்டும் பசை வை. இரண்டு சட்டத்துக்கு நடுவே இடைவெளி இல்லாமல் பொருத்திவிட்டு, என்ன கச்சிதம் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டது உண்டு. முதல் மழைக்கே அது கூடாரம் போலத் தூக்கிக்கொண்டது. இறுக்கிப் பிடித்ததெல்லாம் ஒட்டிப் பிடித்ததாகாது.

4. கருகிய ஓரத்தை லேசரின் அழகு என்று விட்டுவிடாதே. கரி விரலில் ஏறி வெள்ளைத் தாளில் இறங்கும். 400 நம்பர் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, உலர்ந்த பிரஷ்ஷால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

5. இதை மட்டும் இரண்டு முறை படி. புகைப்படத்தின் மேல் மரத்தை வைக்காதே. மரத்தில் அமிலம் உண்டு, அது மெல்ல மெல்ல வெளியே கசியும். என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரே படம். அதன் மூலையில் ஆசையாக ஒரு மர இலையை ஒட்டினேன். பல வருஷம் கழித்து இலை உதிர்ந்தது. அது இருந்த இடத்தில், இலை வடிவத்திலேயே, பழுப்புக் கறை. அம்மாவின் தோள் அந்தக் கறைக்குள் இருக்கிறது. பழைய படம் என்றால் நகல் எடுத்து நகலை ஒட்டு, அசலைத் தனியாக வை. மரத்துக்கும் படத்துக்கும் நடுவே அமிலம் இல்லாத தாள் இருக்கட்டும். ஆல்பத்தை மூடினால் எதிர்ப்பக்கத்து மரம் படத்தில் உரசும், அதையும் யோசி. பசையிலும் கவனம் வேண்டும். தீப்பெட்டி ஒட்டும் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க நாங்கள் மயில்துத்தம் கலப்போம். அந்தப் பசையையே ஆல்பத்துக்கும் போட்டவள் நான். தீப்பெட்டி குச்சி தீரும்வரை உழைத்தால் போதும். ஆல்பம் நீ பார்க்காத கைகளுக்குப் போக வேண்டிய பொருள். இந்த வித்தியாசம் புரிய எனக்குப் பாதி ஆயுள் ஆனது.

6. சாயம் ஏற்றுவதென்றால் ஒட்டும் முன்னே ஏற்று, காயவிட்டு ஒட்டு. கெட்டியான டீ டிகாக்ஷன் தடவி, காய்ந்ததும், துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகரைத் தொட்டு வை. கண் முன்னாலேயே மரம் பழைய வீட்டுத் தூணின் சாம்பல் கறுப்புக்கு மாறும். டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. வினிகரும் அமிலம்தான், ஆகவே இதை வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொள். மஞ்சள் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் ஓடிப்போகும். பேனாவால் பெயர் எழுத ஆசைப்பட்டால் முதலில் ஒரு பூச்சு அரக்குப் பாலிஷ் கொடு. இல்லாவிட்டால் மை ரேகை வழியே ஓடி, எழுத்துக்கெல்லாம் மீசை முளைக்கும்.

7. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஆல்பம் செய்தேன். ஒரே பக்கத்தில் யானை, பலூன், ரயில், மேகம் என்று பதினேழு உருவங்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தையின் அம்மா அந்தப் பக்கத்தில் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடிவிட்டு, “பிள்ளை எங்க அக்கா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தேடினாள். அன்றிலிருந்து ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா அடுக்கிப் பார்ப்பேன். பிறகு பாதியை எடுத்துவிடுவேன். மிச்சத்திலும் ஒன்றை எடுப்பேன். எடுக்க மனசு வராத துண்டுதான் பெரும்பாலும் எடுக்க வேண்டிய துண்டு.

8. நல்லதை ஒளித்து வைக்காதே. தகுந்த ஆள் வரட்டும் என்று ஒரு மர மயிலைப் பிஸ்கட் டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்க நினைத்தவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

9. ஒடிந்ததைத் தூக்கிப் போடாதே, ஒடியாத மாதிரி நடிக்கவும் செய்யாதே. பின்பக்கம் ஒரு துண்டு மெல்லிய தாளை ஒட்டினால் போதும். தீப்பெட்டியிலும் மடிக்கும் இடத்தில் மரம் கீறித்தான் இருக்கும், தாள்தான் பிடித்து நிறுத்தும். அம்மா ஒட்டிய பெட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மூலையில் மரம் விட்டுப்போய்விட்டது, தாள் விடவில்லை. லீவுக்கு வரும்போது உன் பாக்கெட்டையும் எடுத்து வா. குருவிக் கால் ஒடிந்திருந்தால் அதையும் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டு வா.