தக்காளி பூக்கும் பருவத்தில் மண்ணின் ஊட்டமும் காரத்தன்மையும்

தக்காளிச் செய்கையில் ஈடுபட்டுள்ள கமக்காரர், பயிர் பூத்துக் காய்க்கத் தொடங்கும் வேளையிலேயே பெரிதுங் கவலை கொள்கின்றனர். இளங்காயின் காம்புக்கு எதிரான முனை முதலில் நீர் கோத்தாற்போலத் தோன்றிப் பின்னர் கறுத்து, தோல்போல் உலர்ந்து, உட்குழிந்துவிடுகின்றது. இதனைக் கண்டதும் நோயென்று எண்ணி மருந்து தெளிப்போரும், பயிருக்குப் பசளை போதவில்லையென்று எண்ணி யூரியாவைக் கூட்டி இடுவோரும் உளர். இவ்விரண்டினாலும் பயன் இல்லை. கூட்டி இடும் யூரியாவோ இக்குறையை மேலும் வளர்க்கும்.

இவ்வழுகல் பூஞ்சணத்தினாலோ பற்றீரியாவினாலோ உண்டாவதன்று. காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராமையே இதற்குக் காரணமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண் சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்தது. கிணற்று நீரும் சுண்ணாம்பு கரைந்த வன்னீர். கல்சியம் இவ்வளவு மிகுந்திருக்கும் தோட்டத்திற் காய்க்குக் கல்சியம் குறைவது எங்ஙனம் என்ற ஐயம் எழுதல் இயல்பே. கல்சியம் மண்ணில் இருப்பது வேறு. காயைச் சென்றடைவது வேறு. அது வேரிலிருந்து நீரோடு சேர்ந்தே மேலே செல்லும். இலைகள் நீரை மிகுதியாக ஆவியாக்குவதால் நீரோட்டத்தின் பெரும் பங்கு அவற்றிற்கே செல்கின்றது. காய் ஆவியாக்கும் நீரோ மிகச் சிறிது. இலையிற் சேர்ந்த கல்சியம் பின்னர் காய்க்குத் திரும்பி வருவதுமில்லை. ஆகவே நான்கு நாள் மண் காய்ந்து ஐந்தாம் நாள் பாத்தி நிறைய இறைக்கப்படும் தோட்டத்தில், அந்நான்கு நாளிலும் வளர்ந்த காய்களின் நுனி பட்டினி கிடக்கின்றது. யூரியா கூடினால் இலை தழைக்கின்றது. தழைத்த இலை நீரை மேலும் தன்பால் ஈர்க்கின்றது. யூரியாவிலிருந்து முதலில் உண்டாகும் அமோனியமும் வேர் கல்சியத்தை உறிஞ்சுவதற்குத் தடையாகின்றது.

இதனாற் குடாநாட்டுத் தோட்டங்களிற் சுண்ணாம்பு இடுதல் வீண் செலவாகும். செய்யத்தக்கது நீரை ஒழுங்குபடுத்தலே. செம்மண் நீரை விரைவாக வடியவிடும் இயல்புடையது. பூக்கத் தொடங்கியது முதல் நீண்ட இடைவெளியிற் பெருந்தொகையாக இறைப்பதைவிட, குறைந்த நீரை அடுத்தடுத்து இறைத்தல் நன்று. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் ஆழ்த்திப் பார்க்கையில் ஈரம் தென்படாவிடின் இறைக்கும் நாள் வந்துவிட்டதென அறியலாம். செடியடியில் வைக்கோலையோ காய்ந்த சருகையோ பரப்பினால் ஈரம் நிலைக்கும். நடுகைக்கு முன்னர் பூவரசு, வாதநாராயணி, கிளிசிறிடியா முதலியவற்றின் குழையைத் தாழ்க்கும் பழைய வழக்கம் இங்கு மிக உதவும். உக்கிய குழை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மண்ணின் அமிலகாரத் தன்மை பீ.எச். என்னும் அளவினாற் குறிக்கப்படும். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். தக்காளிக்கு உகந்தது 6.0 முதல் 6.8 வரை. பீ.எச். 7.5 ஐத் தாண்டிய மண்ணில் இரும்பு, நாகம், மங்கனீசு ஆகியன வேருக்கு எளிதிற் கிட்டா. பொசுபரசும் கல்சியத்தோடு பிணைந்துவிடும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறையைக் குறிக்கும். முதிர்ந்த இலைகள் முழுவதும் வெளிறினால் நைதரசன் குறை. அவற்றின் ஓரம் கருகினாற் பொற்றாசியக் குறை. இளம் இலை மஞ்சளாவதைக் கண்டு யூரியா இடுதல் பெருந்தவறு.

பூத்த பயிரின் கீழ் உள்ள மண்ணின் பீ.எச். பெறுமானத்தை மாற்ற முயலுதல் பயன் தராது. சுண்ணாம்பு கலந்த மண்ணிற் கந்தகம் இட்டாலும் அதிலிருந்து பிறக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே அழித்துவிடும். எஞ்சியதை வன்னீர் ஈடுசெய்துவிடும். இரும்பு, நாகம் ஆகியவற்றின் குறையை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி இலைமீது தெளித்தே தீர்த்தல் வேண்டும்.

மலைநாட்டில் நிலைமை மறுதலையானது. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளின் மண் அமிலத்தன்மை வாய்ந்தது. பீ.எச். 5 ஐ அண்மிக் குறையுமிடத்து அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கின்றது. பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கின்றது. அங்கு டொலமைற்று இடுதல் தகும். அது கல்சியத்தோடு மகனீசியத்தையும் அளிக்கும். ஆயின் அதன் விளைவு மெதுவாகவே வெளிப்படுமாதலால், நடுகைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே மண்ணோடு கலத்தல் வேண்டும்.

பொசுபேற்றுப் பசளை முழுவதையும் அடிக்கட்டாக, வேருக்கு அண்மையில் இடுக. நைதரசனைப் பிரித்து இட்டு, முதற் பூங்கொத்துத் தோன்றியபின் அளவைக் கூட்டாதிருத்தல் நலம். காய் பருக்கும் வேளையிற் பொற்றாசியத்தின் தேவை மிகும். எனினும் அதுவும் அளவு கடந்தாற் கல்சியத்தைத் தடுக்கும். காரமண்ணின் மேற்பரப்பில் விடப்பட்ட யூரியா அமோனியா வாயுவாகி அகன்றுவிடுமாதலின், மண்ணால் மூடி உடனே இறைத்தல் வேண்டும். பயிர் கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாகிச் செம்மண்ணூடாகக் கிணற்றுக்கே செல்லும். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் நைத்திரேற்று எல்லை கடக்கப்பட்டிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அந்நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது. நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

பூ உதிர்வதற்கெல்லாம் மண்ணையே காரணமாகக் கொள்ளலாகாது. பகல் வெப்பம் ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு இரவும் புழுங்குமாயின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பங்குனி, சித்திரை வெப்பத்தில் உதிரும் பூவை எப்பசளையும் நிறுத்தாது. காலத்தே நடுவதே வழி.

நெல் அறுத்த வயலில் தக்காளி நடுவோர் இன்னுமொன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நீர் தேங்கிய வயலில் அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலையை நோக்கி நகரும். நீர் வடிந்ததும் பழைய நிலைக்கே மீளும். எனவே மண் மாதிரியை நீர் வடிந்து உலர்ந்த பின்னரே எடுத்தல் முறை. வயலிற் பத்துப் பதினைந்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை மண்ணெடுத்து, சுத்தமான வாளியில் நன்கு கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை உறையிலிட்டு, வயலின் பெயரையும் முன் செய்த பயிரையும் எழுதி, பசளை இடுவதற்கு முன்னரே போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். எருக்குவியலின் அருகிலும் வரப்போரத்திலும் எடுத்த மண்ணை அதனோடு கலத்தலாகாது.