'வாங்கு' பட்டனை அழுத்தினா நிஜமாவே வாங்கிட்டோமா? டிஜிட்டல் செலவுக்கு ஒரு சிஏ கணக்கு



நெட் வொர்த் கணக்கு போடுறது பத்தி நம்ம சேனல்ல பேசினப்போ ஒரு நல்ல கேள்வி வந்தது. "சார், கிண்டில்ல 200 புத்தகம் வாங்கி வச்சிருக்கேன். ஸ்டீம்ல கேம்ஸ் இருக்கு. ஆப்பிள்ல படம் வாங்கியிருக்கேன். இதையெல்லாம் சொத்துப் பக்கம் எழுதலாமா?"

எழுத முடியாது. ஒரு ரூபாய்க்குக்கூட எழுத முடியாது. ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, இனிமே மொபைல்ல 'வாங்கு'ன்னு வர்ற ஒவ்வொரு பட்டனையும் வேற மாதிரி பார்ப்பீங்க.

சொத்துன்னா என்ன?

கையால தொட முடியாத சொத்துகளுக்குன்னு ஏஎஸ் 26ன்னு ஒரு கணக்கியல் தரம் இருக்கு. அதுல முக்கியமான வார்த்தை 'கட்டுப்பாடு'. ஒரு பொருள்ல இருந்து வர்ற பலன் உங்களுக்குக் கிடைக்கணும், அந்தப் பலனை மத்தவங்க எடுத்துக்காம தடுக்கவும் உங்களால முடியணும். பணம் கொடுத்துட்டீங்க என்பதால மட்டும் ஒரு விஷயம் சொத்து ஆகிடாது.

இதை வீட்டுக் கணக்குக்கு ஏத்த மாதிரி நாலு கேள்வியா மாத்திக்கலாம்:

1. வேண்டாம்னா விக்க முடியுமா?
2. நண்பருக்கு இரவல் கொடுக்க முடியுமா?
3. வித்த கம்பெனி கடையை மூடினாலும் வேலை செய்யுமா?
4. நமக்கு அப்புறம் வீட்டுல இருக்கிறவங்களுக்குப் போய்ச் சேருமா?

அச்சுப் புத்தகத்துக்கு நாலுக்கும் 'ஆமாம்'. எழுத்தோட காப்பிரைட் எழுத்தாளர்கிட்டயோ பதிப்பகத்துகிட்டயோ இருக்கும். ஆனா உங்க கையில இருக்கிற அந்த ஒரு பிரதி உங்களுது. நம்ம 1957 காப்பிரைட் சட்டமே, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துட்ட பிரதிகளை, மக்களுக்குப் பிரதி வெளியிடுற உரிமையில இருந்து விலக்கி வச்சிருக்கு. சென்னை மூர் மார்க்கெட்ல பழைய புத்தகம் விக்கிறவர் யார்கிட்டயும் அனுமதி கேக்காம விக்கிறது அதனாலதான்.

இ-புக்ல உங்களுக்குக் கிடைக்கிறது பிரதி கிடையாது, லைசென்ஸ். அதாவது, 'இந்த அக்கவுண்ட்ல, இந்த நிபந்தனைகளோட படிச்சுக்கலாம்'னு ஒரு அனுமதி. சைன் அப் பண்ணும்போது நாம படிக்காம டிக் அடிக்கிற அந்த நீளமான பக்கத்துல இதைத்தான் எழுதியிருக்காங்க.

நடந்தவை மூணு

"இதெல்லாம் பேப்பர்ல இருக்கிற விஷயம், நிஜத்துல யார் சார் திரும்ப எடுப்பாங்க?"ன்னு தோணும். எடுத்திருக்காங்க.

2009 ஜூலையில அமேசான், வாடிக்கையாளர்களோட கிண்டில்ல இருந்து ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984', 'அனிமல் ஃபார்ம்' பதிப்புகளைத் தன் பக்கத்துல இருந்தே அழிச்சது. அதைக் கடையில போட்டவர்கிட்ட உரிமை இல்லைங்கிறது காரணம். காசு திரும்ப வந்தது. அதுக்கப்புறம் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனா வீட்டுக்குள்ள வந்து அலமாரியில இருக்கிற புத்தகத்தை எடுத்துட்டுப் போக முடியும்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு.

2019ல மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடினது. ஏப்ரல்ல விற்பனை நின்னது, ஜூலையில ஏற்கெனவே வாங்கின புத்தகங்களும் திறக்காம போச்சு. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாங்க. ஓரத்துல குறிப்பு எழுதி வச்சிருந்தவங்களுக்குக் கூடுதலா 25 டாலர். உங்க பரீட்சைக் குறிப்புக்கு அந்த விலை சரியான்னு நீங்களே சொல்லுங்க.

2014ல வந்த 'தி க்ரூ' கார் ரேஸ் கேமை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல நிறுத்தினது. தனியா விளையாடக்கூட சர்வர் வேணும்கிற மாதிரி செஞ்ச கேம் அது. சர்வர் போனதும் டிஸ்க் வாங்கி வச்சிருந்தவங்களுக்கும் கேம் போச்சு.

மூணுலயும் நம்ம மூணாவது கேள்விக்கு 'இல்லை'ன்னுதான் பதில்.

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1ல இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லைசென்ஸ்தான் தர்றோம்னு தெளிவா சொல்லாம, டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு'ங்கிற மாதிரி வார்த்தையைப் போடக் கூடாது. டவுன்லோட் பண்ணி நிரந்தரமா ஆஃப்லைன்ல வச்சுக்க முடியும்னா இந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தச் சட்டமும் பிடிச்சுக்கிட்டது நம்ம மூணாவது கேள்வியைத்தான்.

அப்போ விலையை எப்படிப் பார்க்கணும்?

ஒரு உதாரணக் கணக்கு. அச்சுப் புத்தகம் 400 ரூபாய், அதே இ-புக் 350 ரூபாய்னு வச்சுக்கோங்க. இ-புக்ல 50 ரூபாய் மிச்சம்னு தோணும். அச்சுப் புத்தகத்தைப் படிச்சு முடிச்சு 150 ரூபாய்க்கு வித்தா, உங்களுக்கு நிஜமா ஆன செலவு 250தான். இ-புக்ல 350ம் போனது போனதுதான்.

இ-புக் வாங்காதீங்கன்னு சொல்ல வரலை. பஸ்ல நின்னுக்கிட்டே படிக்கலாம், எழுத்தைப் பெருசாக்கிக்கலாம், வாடகை வீடு மாறும்போது தூக்கிச் சுமக்க வேண்டாம். அந்த வசதிக்குக் கொடுக்கிற காசு நியாயமானதுதான். ஆனா அது வாடகைன்னு தெரிஞ்சு கொடுங்க. வாங்கின அன்னிக்கே செலவுக் கணக்குல எழுதிடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் பாருங்க: அந்தப் புத்தகத்துக்குக் காப்பிரைட் இன்னும் இருக்கா? நம்ம சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டு. கல்கி இறந்தது 1954. அதனால இந்தக் கணக்குப்படி பார்த்தாலே 'பொன்னியின் செல்வன்' இன்னிக்கு எல்லாருக்கும் பொதுவானது. மதுரைத் திட்டத்துல அதை இலவசமா டவுன்லோட் பண்ணலாம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எத்தனையோ நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இருக்கு. அந்த ஃபைல் உங்க கையில இருக்கும், யாரும் அழிக்க முடியாது.

"சரி, வாங்கின இ-புக்கோட பூட்டை உடைச்சு காப்பி எடுத்து வச்சுக்கிட்டா?" 2012 திருத்தத்துல வந்த 65ஏ பிரிவைப் படிங்க. காப்பிரைட்டை மீறும் நோக்கத்தோட இந்த டிஜிட்டல் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, கூடவே அபராதம். டெலிகிராம்ல சுத்துற பிடிஎஃப் இன்னும் மோசம். அதுல எழுத்தாளருக்கு ஒரு காசு போகாது, உங்க போனுக்குள்ள என்ன வந்து உக்காருதுன்னும் தெரியாது. பூட்டே இல்லாம விக்கிற கடைகள் இருக்கு. கேமுக்கு ஜிஓஜி, இசைக்கு பேண்ட்கேம்ப். சில பதிப்பகங்களும் நேரடியா ஃபைல் தர்றாங்க. முடிஞ்ச இடத்துல அங்க வாங்குங்க.

பில்லுல வராத விலை

கிண்டில் அன்லிமிடெட் சந்தாவுல எழுத்தாளருக்கு எப்படிப் பணம் போகுது தெரியுமா? வாசகர் எத்தனை பக்கம் படிச்சார்ங்கிற கணக்குப்படி. 2015ல இருந்து இப்படித்தான். அப்படின்னா நீங்க எந்தப் பக்கம் வரை வந்தீங்க, எங்க மூடி வச்சீங்கன்னு கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சாதான் அந்தக் கணக்கே போட முடியும்.

இது சதி கிடையாது, சேவை வேலை செய்யுற விதமே அதுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. கடன்ல இருந்து மீள்றது எப்படி, சர்க்கரை நோய், விவாகரத்துச் சட்டம்னு ஒருத்தர் படிக்கிற தலைப்புகளை வச்சே அவர் வாழ்க்கையில என்ன நடக்குதுன்னு ஊகிக்கலாம். அச்சுப் புத்தகத்தைப் படிச்சா அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால இ-புக் 350 ரூபாய்னா, விலை 350 ரூபாயும் கொஞ்சம் தகவலும். ரெண்டாவதைக் குறைக்க மூணு வழி. கடை, சந்தாவுக்கெல்லாம் தனி இமெயில் வச்சுக்கோங்க, பேங்க் இமெயிலைக் கொடுக்காதீங்க. செட்டிங்ஸ்ல விளம்பரத் தனிப்பயனாக்கத்தை நிறுத்துங்க. புத்தகமோ பாட்டோ தர்ற ஆப் கான்டாக்ட்ஸ், லொக்கேஷன் கேட்டா மறுத்துடுங்க. அது இல்லாமலே ஓடும்.

மாசாமாசம் போற காசு

சந்தாவுக்கு வருவோம். உதாரணமா ஓடிடி 300, இசை 120, கிளவுட் 130, ஏதோ ஒரு ஆப் 200. மாசம் 750, வருஷம் 9,000, அஞ்சு வருஷத்துல 45,000. நிறுத்தின மறுநாள் கையில மிஞ்சுறது ஒண்ணும் இல்லை. பார்த்து ரசிச்சா தப்பே இல்லை. பார்க்காததுக்கும் சேர்த்துக் கட்டுறதுதான் பிரச்சினை.

இங்க சட்டம் உங்க பக்கம் இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்குக் குறைஞ்சது 24 மணி நேரத்துக்கு முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். பொதுவா 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேக்காமலே பணம் போயிடும், அதனால அந்த எஸ்எம்எஸ்தான் உங்க கடைசி வாய்ப்பு. ப்ரமோஷன் மெசேஜ்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணா சந்தா நிக்காது. யுபிஐ ஆப்ல 'ஆட்டோபே' பகுதி, கார்டா இருந்தா பேங்க் தர்ற மேண்டேட் பக்கம், ப்ளே ஸ்டோர் இல்லேன்னா ஆப் ஸ்டோர்ல சந்தா பகுதி. மூணு இடத்துலயும் பார்த்து ரத்து பண்ணணும்.

சேர ஒரு கிளிக், விலக பத்துப் பக்கம்னு சுத்த விட்டா, அதுக்குப் பேர் 'சந்தா பொறி'. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல தடை பண்ண 13 ஏமாற்று வடிவமைப்புகள்ல இதுவும் ஒண்ணு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்க.

உங்களோட நிஜமான சொத்து எது?

கடைசியா நாலாவது கேள்வி: நமக்கு அப்புறம்?

ஆப்பிள்ல 'லெகசி கான்டாக்ட்'னு ஒருத்தரை நியமிக்கலாம். நாம போன பிறகு அவரால நம்ம போட்டோ, நோட்ஸ் எல்லாம் எடுக்க முடியும். ஆனா நாம காசு கொடுத்து 'வாங்கின' படம், பாட்டு, புத்தகம் அவருக்குப் போகாது. லைசென்ஸ் உங்களோட முடிஞ்சது.

இதுலயே ஒரு பாடம் இருக்கு. போன்ல இருக்கிறதுல உங்களுடையதுன்னு சொல்லிக்கக்கூடியது நீங்க உருவாக்கினதுதான். நீங்க எடுத்த போட்டோவோட காப்பிரைட்டும் பொதுவா உங்களுதுதான். பாட்டியோட குரல், குழந்தை முதல் தடவை நடந்த வீடியோ, இதையெல்லாம் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை. ஆனா நம்மள்ல பலர் அதைக் கிளவுட்ல ஒரே இடத்துல போட்டுட்டு நிம்மதியா இருக்கோம். கூகுள் விதியைப் பாருங்க: அக்கவுண்ட்டை ரெண்டு வருஷம் தொடாம விட்டாலும், ஸ்டோரேஜ் அளவைத் தாண்டி ரெண்டு வருஷம் அப்படியே விட்டாலும், உள்ள இருக்கிறதை அழிக்க அவங்களுக்கு வழி இருக்கு.

படம் போனா இன்னொரு தடவை காசு கட்டிப் பார்க்கலாம். இது போனா போனதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

- ஆட்டோபே, மேண்டேட், ஸ்டோர் சந்தா மூணையும் திறந்து ஒரு பட்டியல் போடுங்க. போன மாசம் தொடாததை நிறுத்துங்க.
- நெட் வொர்த் ஷீட்ல டிஜிட்டல் லைப்ரரின்னு ஏதாவது இருந்தா அழிச்சுடுங்க.
- திரும்பத் திரும்பத் தேவைப்படுற புத்தகம், பாடக் குறிப்பு இருந்தா அச்சுலயோ பூட்டில்லாத ஃபைலாவோ வச்சுக்கோங்க. குறிப்புகளைத் தனியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க.
- கூகுள் டேக்அவுட்ல உங்க போட்டோவை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிங்க.
- கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர், ஆப்பிள்ல லெகசி கான்டாக்ட் போடுங்க. எஃப்டிக்கு நாமினி போடுற மாதிரிதான் இதுவும்.

அடுத்த தடவை 'வாங்கு' பட்டன் வந்தா நாலு கேள்வியை ஓட்டிப் பாருங்க. நாலுக்கும் 'இல்லை'ன்னு வந்தாலும் தாராளமா எடுத்துக்கலாம், வாடகைன்னு நினைச்சு, வாடகைக்குத் தகுந்த விலையில.

ஆட்டோபேயை எங்க போய் நிறுத்தணும்னு ஸ்க்ரீனோட அடுத்த வீடியோவுல காட்டுறேன். அதுவரைக்கும் அந்த 24 மணி நேர எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம அழிக்காதீங்க.