பேராதனையில் பென்சிலோடு

இயற்கையைப் பார்த்து வரையப் பழகுபவர்களுக்குக் கண்டியில் பேராதனை தாவரவியல் பூங்காவைவிட நல்ல இடம் இல்லை. 1821இல் அமைந்த இந்தப் பூங்காவின் ஓவியராக ஹார்மனிஸ் டி அல்விஸ் 38 ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்தார்.

முதல் நாளே முழு மரத்துக்குப் போகாதீர்கள். நாகலிங்க மரங்களின் கீழே விழுந்து கிடக்கும் ஓர் இலை போதும், பறிக்க வேண்டாம். நடுநரம்பை முதலில் இழுங்கள். கிளை நரம்புகள் எதிரெதிரே புறப்படுகின்றனவா, மாறி மாறியா என்று பாருங்கள். ஓரம் அதன் பிறகுதான். ஓரத்தில் தொடங்குவதால்தான் பலருக்கு எல்லா இலையும் மாவிலையாகிவிடுகிறது. தாளைவிட இலையையே கூடுதல் நேரம் பார்க்க வேண்டும்.

மரத்துக்கு வந்ததும் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். ரோயல் பாம் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை, தூரத்தைத் தாளில் காட்டிப் பழக அருமையான இடம்.

2பி பென்சிலும் கோடில்லாத கொப்பியும் போதும். அழிறப்பர் வேண்டாம், பிழையான கோட்டின் பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் மழை பிடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், கொப்பிக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொண்டு.