மானியம் மூன்றாண்டு, தவணை பல்லாண்டு

2024 நவம்பர் 11 அன்று, கொச்சி போல்காட்டியிலிருந்து புறப்பட்ட கடல் விமானம் மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி அணை நீரில் இறங்கியது. அது சோதனைப் பயணமே. எனினும், விமான நிலையம் இல்லாத இடுக்கி மாவட்டத்தில் அது புதிய நம்பிக்கையை விதைத்தது. ஏலக்காய் விலையின் ஏற்ற இறக்கத்தை அறிந்த வண்டன்மேட்டு விவசாயி, கடன் பெற்று விருந்தினர் விடுதி கட்டலாம் என எண்ணுவது இயல்பே. அதற்குமுன் இத்தகைய சேவைகளின் பொருளாதாரத்தை நாம் அறிதல் நன்று.

2017 ஏப்ரலில் முதல் விமானம் பறந்த உடான் திட்டத்தின் அடிப்படை எளியது. விமான நிறுவனம் ஏறத்தாழப் பாதி இருக்கைகளைக் குறைந்த கட்டணத்தில் அளிக்க வேண்டும். அதனால் நேரும் பற்றாக்குறையை அரசு ஈடுசெய்யும். பொதுவாக அது மூன்று ஆண்டுகளுக்கே. அதன்பின் பயணிகளின் கட்டணமே விமானத்தைத் தாங்க வேண்டும்.

சேலத்தைப் பார்ப்போம். இத்திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. விமானம் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே, கையெழுத்திடும் முன் ஒரு கணக்குப் போடுவோம்: சாலை வழியே வரும் விருந்தினரை மட்டும் கொண்டு தவணையைச் செலுத்த இயலுமா? இயலுமெனில் துணியலாம், விமானம் வந்தால் அது கூடுதல் வருவாய்.