மேட்டுப்பாத்தி

திருவண்ணாமலையின் பழைய தெருக்களில் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடி வீடுகள் எழும்போது கொல்லைப்புறமும் சுருங்கிவிடுகிறது. எஞ்சிய சிறு நிலமோ செங்கற்பொடியும் சிமெண்டுக் கலவையும் இறுகிக் கடப்பாரைக்கும் இளகாததாக இருக்கும். அத்தகைய இடத்தில் கீரை விளைவிக்க ஏற்றது மேட்டுப்பாத்தி. நிலத்தைத் தோண்டாமல், நாற்புறமும் தடுப்பு எழுப்பி, உள்ளே மண் நிரப்பிப் பயிரிடுவதே இம்முறை. கார்த்திகை அடைமழையிலும் இதில் வேரடியில் நீர் தேங்குவதில்லை.

இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்தியின் சுற்றளவு 6 மீட்டர். 23 செ.மீ. நீளமுள்ள செங்கல் ஒரு வரிசைக்கு 26 வேண்டும்; நான்கு வரிசைக்கு 104. அத்தனையும் புதிதாக வாங்கினால் கீரையினும் பாத்தியே விலைமிக்கதாகிவிடும். சூளையில் உடைந்தும் கோணியும் போன கற்கள் மலிவாகக் கிடைக்கும். சாந்தின்றி அடுக்குவதற்கு அவையே போதும். இடித்த வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனங்கைகள் அவற்றினும் மேல். வைரம் பாய்ந்த பனையைக் கரையான் எளிதில் அண்டாது. பாட்டனுக்கு நிழல் தாங்கிய பனங்கை பெயரனின் தக்காளிக்கு அரணாவது அதற்கு இழுக்கன்று.

எனினும், மலிவு என்பதற்காக எதையும் எடுத்துவிடலாகாது. உடைந்த கல்நார்த் தகடுகளின் நுண்ணிழைகள் மூச்சுவழி நுரையீரலை அடைந்து கொடிய நோய் விளைவிக்கும். பழைய வண்ணம் பூசிய கதவுப் பலகையில் ஈயம் இருக்கக்கூடும்.

பாத்தியை நிரப்ப அரைக் கனமீட்டர் வரை மண் தேவை. அச்செலவைக் குறைக்கத் தென்னை நார்க்கழிவை மட்கவைக்காமல் கொட்டுவோர் ஏமாறுகின்றனர். அதில் கரிமம் மிகுதி. தழைச்சத்து மிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து ஈர்த்துக்கொள்வதால் பயிர் வெளிறிவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு வழி கண்டுள்ளது. ஒரு டன் நார்க்கழிவில் 5 கிலோ யூரியாவையும் சிப்பிக்காளான் வித்தையும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், 112:1 என்றிருந்த கரிம - தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 24:1 ஆகக் குறைகிறது. வீட்டளவில் 100 கிலோவுக்கு அரைக் கிலோ யூரியா போதும்.

பௌர்ணமி கிரிவலம் முடிந்த காலையில் இளநீர்க் கடைகளின் அருகே மட்டைகள் குவிந்துகிடக்கும். அவற்றைப் பிளந்து, குழிவுப்பக்கம் மேல்நோக்குமாறு பாத்தியின் அடியில் பரப்பலாம். மெல்ல மட்கும் அம்மட்டைகள் கோடையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அவை அடைத்துக்கொண்ட இடத்துக்கு மண் வாங்கவும் வேண்டியதில்லை.