தடைக்கு முன்னே ஒரு வழி

புதுக்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வார்டு உறுப்பினராகப் பொறுப்பேற்ற கையோடு, பேருந்து நிலைய வாசலில் பூவும் பழமும் விற்கும் பெண்களை அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப் போவதாக எழுதியிருக்கிறாய். நெரிசலில் மக்கள் படும் பாடு உன்னை உறுத்துகிறது. அது நல்ல குணம். ஆனாலும் தீர்மானத்தை எழுதுமுன், நம் ஊரில் பிறந்து சட்டசபைக்குப் போன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நீ கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாய். அந்த அம்மா அங்கே என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1886இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகத்தவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தின் வலி அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருந்தது. ஆண்களுக்கென்று இருந்த மகாராஜா கல்லூரியில் படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் முனைந்தபோது, அதன் அடியில் சோற்றுப் பிரச்சினை இருந்தது. அப்படிப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிகள் பலருக்கும் கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலமே வாழ்வாதாரம். ஊழியத்தை விட்டால் நிலமும் கையை விட்டுப் போகும். அதனால் 1929இல் அவருடைய முயற்சியால் வந்த சட்டத்திருத்தம், நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் தங்கும் என்று வழி செய்த பிறகே, பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் மசோதா வந்தது.

வெளியே வரும் பெண் எங்கே தங்குவாள், எதைப் படிப்பாள்? அதற்கு ஔவை இல்லம் தொடங்கினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அப்போது அவர் சபையில் இல்லை. பதவியை விட்டபின்பும் அவர் பணி நிற்கவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாக முன்னின்றார்.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், மகளே. ஒருவரை ஓரிடத்திலிருந்து எழுப்புவதற்கு முன், அவர் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பவரே மக்கள் பிரதிநிதி. எழுப்ப மட்டும் தெரிந்தால் அதற்குத் தேர்தல் தேவையில்லை.

உனக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளே இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் நகராட்சியில் அந்தக் குழு கூடுகிறதா என்று ஆணையரிடம் எழுத்து மூலமாகக் கேள்.

பிறகு காலையில் போய் அந்தப் பெண்களோடு பேசு. எந்த நேரத்தில் வியாபாரம் நடக்கிறது, எவ்வளவு தள்ளிப் போனால் வாடிக்கை குறையாது, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். மாற்று இடத்தை அவர்களையே காட்டச் சொல். அந்த இடத்தை ஒதுக்கக் கோரும் தீர்மானமே மன்றத்தில் உன் முதல் தீர்மானமாக இருக்கட்டும். நடைபாதை தானாக விடுபடும். பேருந்து ஏற வருபவர்களும் பூ விற்பவர்களும் உன்னைத் தங்கள் உறுப்பினர் என்று சொல்வார்கள்.

தீர்மானத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. வாசகங்களைச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா